ரோசக்காவின் கஞ்சில்

ரத்த தான முகாமுக்கும் பூப்பந்துப் போட்டிக்கும் நடுவில் அந்தச் சுற்றறிக்கை வந்து உட்கார்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பசியாறிவிட்டு வந்து கணினியைத் திறந்த ருக்குமணி, அந்த வாரத்து ஊழியர் செய்திமடலுக்கு வந்து சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் தகவல் பிரிவில் அவளுக்கு அதுதான் வேலை. யார் ஓய்வு பெறுகிறார், யாருக்குப் பதவி உயர்வு, எந்தக் கட்டடத்தில் சனிக்கிழமை தண்ணீர் வராது, எந்த விடுப்பு விதி மாறியிருக்கிறது, எல்லாம் வியாழக்கிழமை பிற்பகலுக்குள் எல்லா ஊழியரின் மின்னஞ்சலுக்கும் போய்விட வேண்டும். படித்துக்கொண்டே வந்தவள் இங்கே நின்றுவிட்டாள். வரும் திங்கட்கிழமை முதல் வளாகத்தில் கார் நிறுத்தும் முறை மாறுகிறதாம். அவரவர் அலுவலகத்தை ஒட்டிய வட்டாரத்தில்தான் அவரவர் நிறுத்த வேண்டும், வட்டாரத்துக்கு ஒரு நிறத்தில் ஸ்டிக்கர். இன்னொருவர் காரை மறித்து நிறுத்துவதற்கு அடியோடு தடை. மீறினால் சக்கரத்துக்குப் பூட்டு.

கூடவே ஒரு வரைபடமும் இருந்தது. நூலகம் பச்சை, அவள் வேலை செய்யும் நிர்வாகக் கட்டடம் நீலம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடி பச்சைக்குள் போயிருந்தது. ருக்குமணி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினால் மட்டும் நிறம் மாறிவிடுமா என்ன. போச்சு, இருந்த ஒன்றும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த வளாகத்தில் கார்கள் அதிகம், இடம் குறைவு. காலையில் முந்திக்கொண்டவனுக்குக் கோடு போட்ட இடம், பிந்தி வந்தவனுக்கு அந்தக் கார்களின் முதுகுப்பக்கம். குறுக்காகக் கொண்டுவந்து மறித்து நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் மறிப்பதிலும் ஒரு மரியாதை உண்டு. கியரை நடுவில் போட வேண்டும், சக்கரத்தை நேராக்க வேண்டும், ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவன் வந்து, மறித்து நிற்கும் காரை நாலடி தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு போவான். யாரும் யாரையும் திட்டுவதில்லை. பேராசிரியரின் காரைத் தோட்டக்காரர் தள்ளுவார், தோட்டக்காரரின் காரைப் பேராசிரியர் தள்ளுவார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போகிறவனுக்கு மட்டும் இங்கே மன்னிப்பே கிடையாது.

ருக்குமணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வழக்கம் அவளுக்குத் தெரியாது. அப்போதுதான் லைசென்ஸ் எடுத்து, ஜெலுத்தோங்கிலிருந்து நடுங்கி நடுங்கி ஓட்டிக்கொண்டு வந்த காலம். ஒருநாள் மாலை இறங்கி வந்து பார்த்தால் அவள் காரை மறித்துக்கொண்டு வெள்ளை நிறத்தில் ஒரு கஞ்சில், கைக்கடக்கமான சின்னக் கார், சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. யாருடையது என்று தெரியாது, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. மரத்தடியில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எவ்வளவு நேரம் அழுதாளோ, நூலகப் படிகளில் இறங்கி வந்த ஒரு பெண் அவளைப் பார்த்து, காரைப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏம்மா, இதுக்கா அழுவுறே? ஹேண்ட்பிரேக் ஃப்ரீயாத்தான் இருக்கு. தள்ளு லா."

"தள்ளுறதா? அடுத்தவங்க காடியயா?"

"அடுத்தவங்க காடி இல்ல, என்னோட காடிதான். வா, சொல்லித் தர்றேன்."

அதுதான் ரோசலின். நூலகத்தில் நண்பகலில் தொடங்கி இரவில் முடியும் வேலை, வீடு கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில். பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேரும்போது ஓர் இடமும் மிச்சம் இருக்காது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மறுநாளிலிருந்து கஞ்சில் வேறெந்தக் காரையும் மறிக்கவில்லை, ருக்குமணியின் காரைத்தான் தேடிக்கொண்டு வந்தது. முதலில் போகிறவளை மறித்து நிறுத்துவது எந்த ஊர் நியாயம் என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். "எங்காடிய தள்ளுறதுக்கு அவளுக்குத்தான் கைப்பக்குவம் இருக்கு" என்று ரோசலின் சொல்லிவிடுவாள். ஃபோட்டோஸ்டேட் காகிதம் வரும் பெட்டியின் அட்டையை வெட்டி, மார்க்கர் பேனாவால் ரோசலினின் கைப்பேசி எண்ணைப் பெரிதாக எழுதி, முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தவள் ருக்குமணிதான். ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்று வைத்தது. அதைப் பார்த்து அழைக்க வேண்டிய தேவை அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

என்ன காலம் அது. செய்திமடல் அப்போது காகிதத்தில்தான் வரும். வியாழக்கிழமை மதியம் மஞ்சள் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு ருக்குமணி ஸ்டேப்ளர் அடிக்கும்போது, ரோசலின் வேலை ஏறுமுன் தன் சாப்பாட்டு வேளையை அங்கே கொண்டுவந்து கழிப்பாள். அடித்துக்கொண்டே படிப்பாள், படித்துக்கொண்டே கேலி செய்வாள். "பாரு, இந்தாளு ரிட்டயராவுறாராம். இவரு எப்ப வேலை செஞ்சாரு, இப்ப ரிட்டயராவ?" என்பாள். ருக்குமணிக்குச் சிரித்துச் சிரித்து ஸ்டேப்ளர் கோணலாக விழும். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயில் திருவிழாவுக்கு ருக்குமணி கூடப் போய் மெழுகுவத்தி ஏற்றுவாள். தைப்பூசத்துக்கு ரோசலின் வந்து தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுவாள். ரோசலினின் கணவர் செபாஸ்டியன் துறைமுகத்தில் வேலை பார்த்தார். கிறிஸ்துமஸ் அன்று அவர் கையால் வைக்கும் ஆட்டுக்கறிப் பிரட்டலுக்காகவே ருக்குமணியின் கணவர் சந்திரசேகரன் மார்கழி விரதத்தை ஒருநாள் தள்ளி வைப்பார். சாமிக்குத் தெரியாதா, அவரும் புரிந்துகொள்வார் என்பார்.

அந்த செபாஸ்டியன்தான் ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் வாசலில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ரோசலின் முதலில் அழைத்தது ருக்குமணியைத்தான். "ருக்கு, அவரு போயிட்டாரு." ஃபோனை வைத்துவிட்டாள். ருக்குமணி மேசையில் தலையை வைத்து அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். இரங்கல் செய்தி வியாழக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது, கேள்விப்பட்ட உடனே போக வேண்டும் என்பது அலுவலக விதி. ஆட்கள் வந்து நிற்பார்கள், ரோசக்கா தனியாக இருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே எழுதி, சரிபார்த்து, எல்லா ஊழியருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினாள்.

ரோசலினின் மகன் ரயன் அப்போது இதே வளாகத்தில் பொறியியல் துறையில் டியூட்டர். வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான். ஃபோனில் சொல்லக் கூடாது, பிள்ளையை நேரில் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்று ரோசலின் உறவுக்காரர் ஒருவரின் காரில் புறப்பட்டு வந்துகொண்டிருந்தாள். பாலத்தில் அன்றைக்கென்று பார்த்து ஜேம், கார்கள் நகரவில்லை. ரயனின் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது. அப்பாவின் பெயரை அவன் மாணவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு படித்தான்.

அடக்கத்துக்கு முன்னால், பாகான் டாலாம் வீட்டில், அத்தனை பேர் கூடியிருக்கும்போது ரோசலின் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒங்கிட்டதான் மொதல்ல சொன்னேன், ருக்கு. நீ ஊருக்கே சொல்லிட்டியே."

ருக்குமணி வந்ததிலிருந்து அடுப்படியில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். கையில் தட்டு இருந்தது. காலைப் பிடித்து அழுதிருக்கலாம். மன்னித்துவிடுங்கக்கா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சனியன் பிடித்த வாயில் வந்தது வேறு.

"அது என் வேலைக்கா."

வேண்டுமென்று சொன்னதல்ல. அத்தனை பேர் பார்க்கும்போது வேறெதுவும் வரவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதானே. ரோசலின் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எங்கோ எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். கேண்டீனில் ஒருத்தி இந்தக் கோடி, ஒருத்தி அந்தக் கோடி. ரயன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன செய்திகூட ருக்குமணிக்கு அவன் துறையிலிருந்து செய்திமடலுக்கு வந்துதான் தெரிந்தது.

அதிசயம் என்னவென்றால், துக்க விடுப்பு முடிந்து ரோசலின் வேலைக்குத் திரும்பிய அன்று மாலை ருக்குமணி மரத்தடிக்குப் போனபோது அவள் காருக்குப் பின்னால் கஞ்சில் நின்றுகொண்டிருந்தது. சக்கரம் நேராக இருந்தது. ஹேண்ட்பிரேக் இறங்கியிருந்தது. எண் எழுதிய அட்டையும் இருந்த இடத்திலேயே இருந்தது. ருக்குமணி அழுதுகொண்டே தள்ளினாள். மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும். எத்தனையோ கார்கள் இருக்க, வேறெதையும் அது மறிக்கவில்லை. ருக்குமணிக்கும் அலுவலக வாசலிலேயே இடம் கிடைத்த நாட்கள் உண்டு. அங்கே நிறுத்தாமல் சுற்றிக்கொண்டு மரத்தடிக்கே போவாள். நடுவில் அவள் பழைய காரைக் கொடுத்துவிட்டு நீல நிற மைவி எடுத்தாள். ஐயோ, ரோசக்காவுக்குத் தெரியாதே என்று அன்றைக்கெல்லாம் வேலை ஓடவில்லை. மாலையில் போய்ப் பார்த்தால் புதுக் காரின் முதுகில் கஞ்சில் உரிமையோடு நிற்கிறது. எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது இன்றுவரை தெரியாது.

"பேசுறதுக்கு வாய் இருக்கிறப்ப எதுக்கும்மா காடியத் தள்ளிக்கிட்டு இருக்கே?" என்று சந்திரசேகரன் கேட்பார். கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும், போய்ப் பேசு என்பார். போய்ப் பேசி, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நாளைக்கு இந்தக் காரும் நிற்காதே என்ற பயம் அவருக்கு எங்கே புரியப்போகிறது. இப்போது பேசாமலே அதுவும் நிற்காமல் போகப்போகிறது.

பிரிவின் தலைமை அதிகாரி ஃபரா வயதில் சின்னவள், நல்ல பெண், ருக்குமணியை மலாய் வழக்கப்படி 'காக்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். ருக்குமணி அவள் அறைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு கோப்பை நகர்த்தி வைத்துவிட்டு, மலாயில் மெதுவாகக் கேட்டாள். இந்த ஸ்டிக்கர் நிறத்தை நாமே கேட்டு வாங்கிக்கொள்ள முடியுமா?

"முடியாது காக். ஆபீஸ் எங்கேயோ அந்தக் கலர்தான். காக்குக்கு நல்லதுதானே, நீலம் வாசல்லயே இருக்கு. இனிமே அந்தப் பழைய காடியத் தள்ள வேணாம்."

ருக்குமணி சிரித்து வைத்தாள். தன் இடத்துக்கு வந்து, சுற்றறிக்கையைச் செய்திமடலின் கடைசியில், தொலைந்துபோன சாவிக்கொத்து அறிவிப்புக்கும் கீழே கொண்டுபோய்ப் போட்டாள். ஃபரா பார்த்துவிட்டு அதைத் தலைப்புச் செய்தியாக்கினாள். வியாழக்கிழமை பிற்பகல் அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது ருக்குமணிக்கு விரல் கூசியது. மறுபடியும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, மறுபடியும் ஊருக்கெல்லாம் சேர்த்து, என்று நினைத்தாள்.

அன்று மாலை கஞ்சில் எப்போதும்போல் நின்றது. ருக்குமணி கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். செய்தியைப் படித்ததற்கு ஏதாவது அடையாளம் தெரியுமா என்று பார்த்தாள். ஜெபமாலை தொங்கியது, பின் சீட்டில் குடை கிடந்தது, அவ்வளவுதான். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பரில் செருகிவிட்டுப் போகலாமா என்று கைப்பையில் பேனாவைத் தேடினாள். எழுதி அனுப்பித்தானே எல்லாம் கெட்டது, இன்னும் ஒரு காகிதமா என்று தோன்ற, பையை மூடிக்கொண்டாள். அந்தக் கார் முழுக்க ஒரே தூசி. பின்பக்கத்தில் அவள் உள்ளங்கை படுகிற இரண்டு இடங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. அங்கேயே கையை வைத்துத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. இன்றைக்கு எப்படியும் நூலகத்துக்குப் போய் நேராகப் பேசிவிடுவது என்று பல் துலக்கும்போதே முடிவு செய்தாள். தொழுகைக்காக வளாகம் காலியாகும் மதிய நேரம்தான் சரி என்று கிளம்பினாள். நூலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். முகப்பு மேசையில் ரோசலின் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு ஒரு மாணவிக்கு என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள். முன்தலை முழுக்க நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது? தினமும் காரைப் பார்க்கிறோம், ஆளை ஒழுங்காகப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று. மாணவி நகர்ந்ததும் ரோசலின் தலையை நிமிர்த்தினாள். கதவுப்பக்கம் பார்த்தாளா, பார்க்கவில்லையா, தெரியாது. அதற்குள் ருக்குமணி திரும்பி நடந்திருந்தாள். அடி கோழையே என்று வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மாலையில் மரத்தடிக்குப் போனாள். கடைசி நாள் என்பதால் நிதானமாகப் போனாள். கஞ்சில் நின்றது. பையைத் தன் காரின் மேல் வைத்துவிட்டு, அந்த இரண்டு இடங்களில் கையை ஊன்றி, காலை அழுத்தித் தள்ளினாள். நகரவில்லை. சக்கரத்தில் கல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. சக்கரமும் நேராகத்தான் இருந்தது. மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். கார் முன்னும் பின்னும் லேசாக ஆடியதே தவிர இம்மியும் நகரவில்லை. ஓட்டுநர் பக்கம் வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

ஹேண்ட்பிரேக் மேலே இழுத்திருந்தது.

ருக்குமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறந்திருப்பாளோ என்று நினைத்தாள். புருஷனை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே மறக்காதவள் இன்றைக்கா மறப்பாள். உடம்புக்கு ஏதாவதோ? மதியம் நன்றாகத்தானே இருந்தாள். கோபமோ? கோபமென்றால் கோபித்துக்கொள்ள இத்தனை வருடம் கிடைக்கவில்லையா?

காவலர் முஸ்தஃபா தன் சாவடியிலிருந்து இறங்கி வந்தார். இந்த மரத்தடியிலேயே பல வருடமாக இருப்பவர்.

"என்னக்கா, அசைய மாட்டேங்குதா?"

"பிரேக்க இழுத்துட்டுப் போயிருக்காங்க தம்பி."

"ரோசக்காவா?" முஸ்தஃபாவாலும் நம்ப முடியவில்லை. அவரும் ஒருமுறை குனிந்து பார்த்தார். "சின்னக் காடிதானே. பையங்க நாலு பேரக் கூப்பிடட்டுமா? பின்னாடி தூக்கி நவுத்திரலாம்."

"வேணாம்."

"அப்ப ஃபோன் போடுங்கக்கா. அந்தா, முன்னாடி அட்டைல நம்பர் இருக்குல்ல."

ருக்குமணி முன்பக்கம் சுற்றி வந்தாள். வெயில் பட்டுப் பட்டு அட்டை வெளிறிப்போயிருந்தது. அவள் கையெழுத்துதான், குண்டு குண்டான எண்கள். கடைசி இரண்டு எண்கள் மங்கித் தெரியவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கைப்பேசியில் எண்ணை அழுத்தினாள். ரோசலின் ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"ஹலோ."

"ரோசக்கா." யாரோ அந்நியரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "ஒங்க காடி வழிய மறிச்சிக்கிட்டு நிக்கிது."

அந்தப் பக்கம் நூலகத்து விசிறிச் சத்தம் கேட்டது.

"எவ்ளோ நேரம் தள்ளிப் பாத்தே?"

"கை வலிக்கிதுக்கா."

"இரு. வர்றேன்."

நூலகப் படிகளில் ரோசலின் இறங்கி வந்தாள். வேலை முடிய இன்னும் நேரம் இருந்ததால் கையில் பை இல்லை, சாவி மட்டும்தான். முழங்கால் வலி போலிருக்கிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். முஸ்தஃபா என்ன நினைத்தாரோ, சாவடிக்குத் திரும்பிப் போய்விட்டார். ரோசலின் காருக்கு அந்தப் பக்கமும் ருக்குமணி இந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

"நேத்து நீ அனுப்பின நியூஸ் படிச்சேன்" என்றாள் ரோசலின். "மூணு தடவ படிச்சேன்."

"அக்கா, அன்னிக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அனுப்பினதும் தப்பு, சொன்னது அதவிடத் தப்பு." இத்தனை வருடமாகப் பல் துலக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் இதைவிட நன்றாக இருந்தது. அதில் பாதிகூட வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

ரோசலின் காரின் கூரைமேல் விழுந்திருந்த இலைகளைக் கையால் ஒதுக்கினாள்.

"ரயன் ஃபோன் போடறப்பல்லாம் கேப்பான். ருக்கு ஆன்ட்டி எப்பிடி இருக்காங்கம்மான்னு."

"நீங்க என்னக்கா சொல்லுவீங்க?"

"என்னாத்த சொல்றது. தெனம் காடியத் தள்ளிட்டுத்தான் போறா, நல்லாத்தான் இருப்பான்னு சொல்லுவேன்."

ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. ரோசலின் கதவைத் திறந்தாள். குனிந்து ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். உள்ளே ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம், சாவி கையில்தான் இருந்தது. அவள் ஏறவில்லை. வெளியே நின்றபடியே ஒரு கையால் கதவுச் சட்டத்தையும் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? தள்ளு லா."

ருக்குமணி பின்பக்கம் போய்த் தன் இடத்தில் கையை வைத்தாள். கஞ்சில் அசைந்து கொடுத்தது. நாலடி தள்ளினால் போதும், மைவிக்கு வழி கிடைத்துவிடும். நாலடி ஆயிற்று. இலைகளை நசுக்கிக்கொண்டு சக்கரங்கள் உருண்டன. கோடு போட்ட ஓர் இடத்தைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி, மரத்தின் நிழல் முடிகிற இடம்வரை கார் போய்விட்டது.

"போதுங்கக்கா, வழி கெடச்சிருச்சு" என்று சாவடியிலிருந்து முஸ்தஃபா குரல் கொடுத்தார்.

வெயிலுக்குள் வெள்ளைக் கார் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. ஸ்டியரிங்கை விடாமல் முன்னால் ஒருத்தி நடந்தாள். பின்னால் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு தள்ளினாள்.